பேரை வெட்டாம வாசிச்ச செய்தி

தனலெட்சுமி போன் பண்ணப்ப நான் வயல்ல களை எடுத்துக்கிட்டு நின்னேன். நம்ம கோச்சிங் சென்டர்ல ஆண்டு மலர் போடுறாங்களாம், ஓய்வு பெற்ற பணியாளர் ஒருத்தரோட அனுபவம் வேணுமாம்.

"யாருடி ஓய்வு பெற்ற பணியாளர்?"

"நீங்கதான்க்கா."

"எனக்கு இருபத்தேழு வயசுடி."

"வேலைய விட்டுட்டீங்கல்ல? திரும்பி வரமாட்டேன்னு சொல்லிட்டீங்கல்ல? அப்ப ஓய்வுதான். பொன்னாடை வேணும்னா சொல்லுங்க, ஏற்பாடு பண்ணிடுவோம்."

கையில இருந்த களைய வரப்புல போட்டுட்டுச் சிரிச்சேன். அண்ணன் போனதுக்கப்புறம் நான் சத்தமா சிரிச்சது அப்பதான்.

இப்ப அங்க செய்தி வாசிக்க ஆளே கிடையாதாம். செய்தியெல்லாம் போன்ல வந்துடுது, மிஷின் குரல் ஒண்ணு வாசிக்குது, பிள்ளைங்க காதுல மாட்டிக்கிட்டுக் கேட்டுக்குதுங்களாம். "அது தடுமாறாதுக்கா, தொண்டையும் கட்டாது"ன்னு தனலெட்சுமி சொன்னா. நல்லது. ஆனா நான் வாசிச்சப்ப என்ன நடந்துச்சுன்னு அந்த மிஷினுக்குத் தெரியாது. அதனால எழுதுறேன். நீங்க எல்லாம் பெரிய பரீட்சைக்குப் படிக்கிறவங்க. நான் எட்டாங்கிளாஸ். பேசுற மாதிரிதான் எனக்கு எழுத வரும்.

எங்க ஊரு பாபநாசத்துக்கு உள்ள தள்ளி. அப்பா தவறினதும் படிப்பை விட்டுட்டேன். கொஞ்ச வருசம் நடவு, களைன்னு போனேன். அப்புறம் தஞ்சாவூர்ல பாத்திரக்கடை மாடியில இருக்குற இந்த சென்டர்ல பெருக்கவும் ஜெராக்ஸ் எடுக்கவும் சேந்தேன். தினமும் காலையில அங்க செய்தி வாசிப்பாங்க, பிள்ளைங்க எழுதிக்குவாங்க. வாசிக்கிறவருக்கு ஒருநாள் தொண்டை கட்டிக்கிச்சு. சார் சுத்தி முத்திப் பாத்தாரு. தொடப்பத்தோட நின்ன என்னைக் கூப்பிட்டு, "இதை வாசிங்கம்மா"ன்னாரு. வாசிச்சேன். மறுநாள்லேருந்து தொடப்பம் வேற ஆளு கைக்குப் போயிடுச்சு. என் டிரெயினிங் அவ்வளவுதான்.

சாரைப் பத்தி எழுதாம இருக்க முடியாது. பேரு எழுதமாட்டேன், மரியாதைக்கு. வெள்ளைச் சட்டை போடுவாரு. கடியாரத்தோட முகத்தை மணிக்கட்டுக்கு உள்பக்கமா திருப்பிக் கட்டியிருப்பாரு. பக்கத்துல எப்பவும் சீரகத் தண்ணி பிளாஸ்க் இருக்கும். மீசை முளைக்காத பையனையும் வாங்க போங்கன்னுதான் கூப்பிடுவாரு. குரலை ஒசத்தி ஒருநாளும் நான் கேட்டதில்ல. ஆனா ஒரு வார்த்தை வெச்சிருந்தாரு. நீங்க என்னத்தைச் சொன்னாலும், "காரணம்?"னு கேப்பாரு.

"லேட்டாயிடுச்சு சார்."

"காரணம்?"

"ரயில்வே கேட்டு சார்."

"அது எடம். காரணம்?"

"முன்னாடி பஸ்ஸை விட்டுட்டேன் சார்."

"இப்பதான் கிட்ட வந்திருக்கீங்க. போய் வாசிங்க."

செய்தியைப் பரீட்சைக்குத் தயார் பண்ற விதமும் அவரு சொல்லிக் குடுத்ததுதான். பேப்பர் எல்லாம் மேசையில விரிச்சுக் கெடக்கும். சிவப்புப் பென்சிலால அவரு வட்டம் போடுவாரு, நான் கத்திரிக்கோலால வெட்டி ஒட்டணும். ஒட்டுனதுல நாலு விசயத்தை அடிச்சிடணும். பேரு, வயசு, ஊரு, ஒப்பாரி. ஒப்பாரின்னா, கண்ணீர் மல்க, சோகத்தில் ஆழ்த்தியது, பரிதாபமாகன்னு வருமே, அதெல்லாம். மிச்சம் இருக்குறதுதான் செய்தி. என்ன நடந்துச்சு, காரணம் என்ன, எந்தத் துறை, எந்தச் சட்டம்.

வாசிக்கிறதுக்கும் முறை இருக்கு. ஒவ்வொரு வாக்கியத்தையும் ரெண்டு தடவை வாசிக்கணும். மொத தடவை பேசுற வேகத்துல, காதுல விழுறதுக்கு. ரெண்டாவது எழுதுற வேகத்துல, கை புடிக்கிறதுக்கு. "நீங்க அவங்களை அழ வைக்கக் கூடாது, எழுத வைக்கணும்"னு சார் சொல்லுவாரு. எனக்கு அந்த வேலை அவ்வளவு புடிச்சிருந்துச்சு. ஈரநிலம், எரிகல், வௌவால்லேருந்து பரவுற காய்ச்சல், கடல்ல கொட்டுன எண்ணெய், விண்வெளிக்குப் போன ராக்கெட்டு எல்லாம் என் வாயாலதான் அந்த மாடியில நுழைஞ்சுது. ரெண்டாவது தடவை வாசிக்கிறப்ப பேனா எல்லாம் சேந்து ஓடுற சத்தம் வரும். நாத்து முடியைத் தண்ணியில அலசுற மாதிரி ஒரு சத்தம் அது.

தனலெட்சுமி வேளாங்கண்ணிக்குப் பக்கத்துக் குப்பத்துலேருந்து வந்த பொண்ணு. அப்பா போட்டுக்குப் போறவரு, அம்மா மீன் விக்கிறவங்க. ஒருநாள் புயல் பேரு வாசிச்சுக்கிட்டிருந்தேன். எந்தப் புயலுக்கு எந்த நாடு பேரு வெச்சுதுன்னு பரீட்சையில கேப்பாங்கல்ல, அது. பட்டுக்கோட்டைத் தென்னையெல்லாம் வேரோட சாஞ்ச அந்தப் பெரிய புயலும் அதுல வந்துச்சு. இவ எந்திரிச்சுட்டா.

"சார், புயலுக்குப் பேரு வெக்கிறாங்க. அதை மனப்பாடம் பண்ணச் சொல்றீங்க. அதுல போனவங்க பேரை மட்டும் அக்காவை அடிக்கச் சொல்றீங்க."

சார் கேட்டாரு, "உங்க வீட்டுல யாரும்மா?"

"சித்தப்பா சார்."

"பரீட்சையில வராதும்மா"ன்னாரு சார். தன்னோட பிளாஸ்க்கைத் திறந்து அவளுக்கு ஊத்திக் குடுத்தாரு. மனுசன் கெட்டவரு இல்ல. அதை இங்கயே சொல்லிடுறேன், ஏன்னா மேல எழுதப் போறதைப் படிச்சிட்டு நீங்க தப்பா நினைக்கக் கூடாது.

இன்னொண்ணும் சொல்லணும். சாரு குடும்பம் ஒரு காலத்துல பெரிய பண்ணையாம். குத்தகைச் சட்டம் வந்தப்புறம் நிலமெல்லாம் உழுதவங்க கைக்குப் போயி, வீட்டுப் பிள்ளைங்க வாத்தியாராவும் பேங்க் ஆபீசராவும் பட்டணம் போயிட்டாங்களாம். குத்தகைச் சட்டப் பாடத்தை எடுக்குறப்ப மட்டும் சார் கடியாரத்தைப் பாத்துக்கிட்டே எடுப்பாரு.

எங்களுக்கும் குத்தகை நிலம்தான். கோயில் நிலம். தாத்தா காலத்துலேருந்து நாங்க பயிர் வெக்கிறோம். அப்பா செத்த பிறகு, ஊர்ல ஒரு பெரிய மனுசன் அந்தக் குத்தகையைத் தன் பேருக்கு மாத்தி எழுதி வாங்கிட்டேன்னு வந்து நின்னாரு. எந்தக் கட்சின்னு கேக்காதீங்க, ரெண்டுலயும் இருந்துட்டு வந்தவரு. கேஸ் போட்டோம். தீர்ப்பு வர்ற வரைக்கும் நிலம் யாரு அனுபவத்துல இருக்கோ அவங்களே வெச்சுக்கட்டும்னு கோர்ட்ல சொல்லிட்டாங்க.

அனுபவம்னா என்னன்னு டெல்டாவுல சின்னக் கொழந்தைக்கும் தெரியும். யாரு நட்ட பயிர் வயல்ல நிக்குதோ அவங்க அனுபவம். வி.ஏ.ஓ. வந்து பாத்து, யாரு பயிருன்னு அடங்கல் பதிவேட்டுல எழுதுவாரு. பாதி நட்டு மீதியை விட்டீங்கன்னா அந்த மீதியில எதிராளி டிராக்டரை எறக்கிடுவான். மறுநாள் அவனும் ரெண்டு நாத்தை ஊனிட்டு, நானும்தான் பயிர் வெச்சிருக்கேன்னு நிப்பான். அதனால வழக்கு நடக்குற நிலத்துல நடவு ஆரம்பிச்சா முடிச்சிட்டுத்தான் வயலை விட்டு மேல ஏறணும். எங்க பக்கம் எல்லாரும் இப்படித்தான். அது சரியா தப்பான்னு யாரும் உக்காந்து யோசிச்சதில்ல.

அண்ணன் பேரு குமரேசன். என்னைவிட நாலு வயசு மூப்பு. நான் சென்டர்ல வாசிச்சதையெல்லாம் வீட்டுல வந்து ஒப்பிப்பேன், அது சோத்தைப் பிசைஞ்சுக்கிட்டே கேக்கும். மின்னல் பாடம் வாசிச்ச அன்னிக்கு அதோட போன்ல மின்னல் எச்சரிக்கை ஆப்பை நான்தான் ஏத்திக் குடுத்தேன். இடி கேட்டா வயலை விட்டு ஏறிடணும், மரத்தடிக்குப் போகக் கூடாது, கட்டடத்துக்குள்ள போயிடணும், கடைசி இடி கேட்டு அரை மணி நேரம் வெளிய வரக் கூடாது, ஒண்ணுக்குமே வழியில்லைன்னா காலை ஒட்டி வெச்சுக் குந்தணும்னு எல்லாம் சொன்னேன். உடனே நடுவீட்டுல குந்திக் காட்டுச்சு.

"இப்படிக் குந்துனா, ஐயோ பாவம் இந்தப் பயலுக்கு வயித்துப்போக்குன்னு மின்னல் விட்டுட்டுப் போயிடுமா பாப்பா?"

"வெளையாடாதண்ணே. சார் நடத்துனது."

"உங்க சாரு எந்த வயல்ல குந்திப் பாத்தாரு?"

கேலி பண்ணும், ஆனா மறக்காது. மெசேஜ் வந்தா டீக்கடையில நின்னு, பொதுமக்கள் கவனத்திற்குன்னு ரேடியோ குரல்ல வாசிச்சுக் காட்டும். என் குரலை நக்கல் பண்ணுதாம்.

அன்னிக்கு நான் தஞ்சாவூர்ல இருந்தேன். நடந்ததை அம்மா சொல்லித்தான் தெரியும். ஐப்பசி நடவு. மேல்கோடி மூலை மட்டும்தான் பாக்கி. ரோட்டுல அந்தப் பெரிய மனுசனோட டிராக்டர் காலையிலேருந்து நிக்குது. டிரைவர் எறங்கல, இன்ஜினையும் நிறுத்தல. சாயங்காலம் வடக்க கருத்துச்சு. அண்ணன் மடியிலேருந்து போனை எடுத்து மெசேஜை எல்லாருக்கும் சத்தமா வாசிச்சுது. "பாப்பா சொன்னது வந்துடுச்சு. எல்லாரும் ஏறுங்க. மோட்டார் கொட்டாய்க்குள்ள போங்க. புளியமரத்தடியில எவளாச்சும் நின்னீங்க, அப்புறம் இருக்கு"ன்னு அதட்டுச்சு. பொம்பளைங்க ஏறிட்டாங்க. அம்மா வரப்புலயே நின்னுக்கிட்டு, "நீயும் வாடா"ன்னுச்சு.

அண்ணன் டிராக்டரைக் கையைக் காட்டுச்சு. "அவன் போவட்டும், நான் வர்றேன். இந்த மூலை எனக்கு எம்மாந்நேரம்? நீ போம்மா, கொட்டாய்க்குப் போ."

அம்மா கொட்டாய் வாசல்ல கால் வெச்சப்ப மின்னல் எறங்குச்சு.

அண்ணனைத் தூக்கி ஆம்புலன்ஸ்ல ஏத்துனாங்க. அதுக்குள்ள உயிரு இல்ல. டிராக்டர் அப்பவும் அங்கயேதான் நின்னுச்சு. வண்டியில ஏறப் போன அம்மா திரும்பி, "மூலைய நட்டுட்டு வாங்கடி"ன்னு சொல்லிட்டு ஏறுச்சு. நடவுக்கு வந்த அத்தனை பேரும் இடி அடங்குனதும் அழுதுக்கிட்டே எறங்கி அந்த மூலைய நட்டு முடிச்சாங்க. அதுக்கப்புறம்தான் டிரைவர் டிராக்டரைத் திருப்பிக்கிட்டுப் போனான்.

பேப்பர்ல மறுநாள் வந்துச்சு. எச்சரிக்கையைப் பொருட்படுத்தாமல் வயலில் நின்ற விவசாயி மின்னல் தாக்கிப் பலி.

சார் எங்க வீட்டுக்கு மாலையோட வந்தாரு. சேறு வழியில செருப்பைக் கையில எடுத்துக்கிட்டு நடந்து வந்தாரு. அம்மாகிட்ட கையெடுத்துக் கும்பிட்டாரு. அன்னிக்கு யாரையும் காரணம் கேக்கல.

கருமாதி முடிஞ்சு நான் வேலைக்குத் திரும்பினேன். அன்னிக்கு வாசிக்க வேண்டிய தாள் மேசையில இருந்துச்சு. நான் எடுக்கப் போனேன், சார் கையை வெச்சுத் தடுத்தாரு.

"இன்னிக்கு வேற யாராவது வாசிக்கட்டும்மா."

"ஏன் சார்?"

"பேரிடர் மேலாண்மை. மின்னல் இருக்கு."

"நானே வாசிக்கிறேன் சார்."

தாளைப் பாத்தேன். எங்க அண்ணன் செய்திதான். பேரு, வயசு, ஊரு, ஒப்பாரி எல்லாம் முறையா அடிச்சிருந்துச்சு. கீழ ஒரு கேள்வி. டெல்டா மாவட்டங்களில் மின்னல் உயிரிழப்புகளுக்கு முதன்மைக் காரணம் எது? மரத்தடியில் ஒதுங்குதல், முன்னெச்சரிக்கைத் தகவல் கிடைக்காமை, விழிப்புணர்வு இன்மை, உயரமான கட்டடங்கள். மூணாவதுக்கு நேரா சார் சிவப்புல டிக் போட்டிருந்தாரு.

எனக்கு அழுகை வரல. கோவம்தான் வந்துச்சு.

"சார், எங்கண்ணன் மரத்தடியில நிக்கல. மெசேஜ் வந்துச்சு, அதுவே வாசிச்சுது. விழிப்புணர்வு இல்லாமலா அத்தனை பேரை ஏத்திவிட்டுச்சு? நீங்க எனக்கு நடத்துனீங்க, நான் அண்ணனுக்குச் சொன்னேன். அதுக்குத் தெரியும் சார். நாலும் தப்பு."

"தனி ஒருத்தருக்கு நடந்ததை வெச்சுப் பாக்கக் கூடாதும்மா. பொதுவா இதுதான் விடை. புஸ்தகத்துலயும் இதான் இருக்கு."

"பொதுவாவா? கோர்ட்டு கேஸுல கெடக்குற நிலம் இந்த டெல்டாவுல எங்களுது ஒண்ணுதானா சார்?"

"கிளாஸ்ல உக்காந்திருக்காங்களே, அந்தப் பிள்ளைங்க நீங்க சொல்றதை எழுதுனா மார்க்கு போயிடும். ஒரு கேள்வியில வேலை போனவங்களை நான் பாத்திருக்கேன். அவங்களும் ஏழை வீட்டுப் பிள்ளைங்கதான்."

அது நெசம். ஆனாலும் நான் நகரல.

சார் கொஞ்சம் எறங்கி வந்தாரு. "சரி. கேள்வியையே எடுத்துடலாம். உங்களுக்காக."

"எடுக்காதீங்க சார். எடுத்தா எங்கண்ணன் செத்ததே இல்லாம போயிடும். கேள்வி இருக்கட்டும். விடையை மாத்துங்க."

"என்னன்னு மாத்தச் சொல்றீங்க?"

"ஏறுனா நிலம் போயிடும். அதான் காரணம்."

அப்பதான் சார் மொகம் மாறுச்சு. கடியாரத்தைப் பாத்தாரு. குரலை ஒசத்தாமலேயே சொன்னாரு, "எங்க நிலத்துலயும் இப்படித்தாம்மா நட்டு நட்டு வாங்குனாங்க."

"உங்க நிலம் போச்சு சார், எனக்குத் தெரியும். நீங்க எல்லாரும் படிச்சிட்டீங்க. எங்க வீட்டுல படிக்காம நட்டது அண்ணன் ஒண்ணுதான். அதுவும் போச்சு"ன்னேன்.

நான் தாளை எடுத்துக்கிட்டு கிளாசுக்குள்ள போனேன். அவரு தடுக்கல. அதையும் எழுதிடுறேன், தடுத்திருக்கலாம்.

மைக்கு முன்னாடி நின்னேன். பிள்ளைங்க எல்லாருக்கும் என் வீட்டு விசயம் தெரியும், யாரும் நிமிந்து பாக்கல. மொத செய்தி ஏதோ செயற்கைக்கோள். முறைப்படி ரெண்டு தடவை வாசிச்சேன். அடுத்தது மின்னல். அடிச்சிருந்ததை அடிக்காம வாசிச்சேன்.

"குமரேசன், வயது முப்பது, பாபநாசம் பக்கம் குத்தகை விவசாயி. ஐப்பசி நடவுல மின்னல் தாக்கி இறந்தார்."

பேனா எதுவும் ஓடல. எல்லாரும் தலையத் தூக்கிட்டாங்க. தனலெட்சுமி மட்டும் ஏற்கனவே பேனாவைப் புடிச்சிருந்தா. முன் பெஞ்சுல ஒரு பையன் மெதுவா, "அக்கா, பேரு எழுதணுமாக்கா?"ன்னான்.

"எழுது"ன்னேன்.

அப்ப பின்னாடி, கதவுகிட்டேருந்து குரல் வந்துச்சு.

"காரணம்?"

சார்தான். கேலியா கேட்டாரா, பழக்கத்துல வாயில வந்துச்சா, இல்ல நெசமாவே நான் சொல்லட்டும்னு கேட்டாரான்னு எனக்கு இன்னிக்கும் தெரியாது. நான் திரும்பிப் பாக்கல. மைக்கைப் பாத்தே சொன்னேன்.

"எச்சரிக்கை கெடைச்சுது. என்ன செய்யணும்னு தெரிஞ்சுது. மத்தவங்களை ஏத்திவிட்டாரு. அவரு ஏறியிருந்தா ரோட்டுல நின்ன டிராக்டர் வயல்ல எறங்கியிருக்கும். நிலம் போயிடும்னு அவரு ஏறல. இதுதான் காரணம்."

சொல்லிட்டு, ரெண்டாவது தடவை எழுதுற வேகத்துல ஆரம்பிச்சேன். அப்ப பேனா எல்லாம் சேந்து ஓடுச்சு. என் வேலையிலேயே அப்படி ஒரு சத்தம் நான் கேட்டதில்ல.

சாயங்காலம் சார் கூப்பிட்டாரு. திட்டல. "நாளையிலேருந்து பழைய முறையில வாசிக்கிறதா இருந்தா வாங்கம்மா"ன்னாரு. "அது முடியாது சார்"ன்னேன். "காரணம்?"னு அவரு கேக்கல. கத்திரிக்கோலை மேசையில வெச்சிட்டு எறங்கி வந்துட்டேன். நான் ஓய்வு பெற்ற கதை இதுதான். மாலை கிடையாது, குரூப் போட்டோ கிடையாது.

கேஸ் இன்னும் நடக்குது. அந்த வருசம் அடங்கல்ல முழு நிலத்துலயும் எங்க பயிருன்னு ஏறுச்சு, அந்த மூலையும் சேத்து. இப்ப அண்ணன் எடத்துல நான்தான் நிக்கிறேன். போன நடவுக்கும் அந்த டிராக்டர் ரோட்டுக்கு வந்துச்சு. என் போன்லயும் அந்த ஆப் இருக்கு. மெசேஜ் வந்தா நான் ஏறுவேனான்னு அம்மா கேட்டுக்கிட்டே இருக்கு. ஏறுவேன்னு சொல்லியிருக்கேன். நடவு அன்னிக்கு இடி இடிக்கல, அதனால நான் சொன்னது நெசமான்னு எனக்கே தெரியாது.

பிள்ளைங்களா, நீங்க பரீட்சையில மூணாவது விடையையே எழுதுங்க. மார்க்கை விடாதீங்க, வேலைக்குப் போங்க. தாசில்தாரா, ஆர்.டி.ஓ.வா எங்க பக்கம் வருவீங்கல்ல, அப்ப இடி இடிக்கிற வயல்ல ஒருத்தன் ஏறாம நின்னான்னா, அவனுக்கு விழிப்புணர்வு நோட்டீசு குடுக்காதீங்க. ரோட்டைத் திரும்பிப் பாருங்க, என்ன நிக்குதுன்னு.

மலர் போடுறவங்களுக்கு ஒண்ணு. தனலெட்சுமி, நீயும்தான். சென்டர் முறைப்படி இதையும் நீங்க வெட்டுவீங்கன்னு எனக்குத் தெரியும். என் வயசை வெட்டுங்க, ஊரை வெட்டுங்க, ஒப்பாரின்னு தோணுற எடத்தையெல்லாம் வெட்டுங்க. அண்ணன் பேருல கத்திரிக்கோலை வெச்சீங்கன்னா இந்தக் கட்டுரையே உங்களுக்கு வேண்டாம், திருப்பி அனுப்பிடுங்க. பேனாவை எடுங்க. மொத தடவை வாசிச்சிட்டேன். இது ரெண்டாவது, எழுதுற வேகத்துல.

குமரேசன்.

ஏறத் தெரியும்.

ஏறுனா நிலம் போயிடும்.

அதனால ஏறல.